மாணவர்கள் உருவாக்கும் சிறிய செயற்கைக்கோள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு கல்லூரியில் செயற்கைக்கோள் குழு தொடங்கும்போது முதல் நாளே எழும் கேள்விகளும், பாதி வழி வந்த பிறகே கேட்கத் தோன்றும் கேள்விகளும் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. செய்வதைவிடச் சோதிப்பதே பெரிய வேலை என்பதால், விடைகளில் பெரும்பகுதி சோதனைகளைப் பற்றியதாக அமைந்திருக்கிறது.

மாணவர் செயற்கைக்கோள் என்று எதைச் சொல்கிறோம்?

வடிவமைப்பு, தயாரிப்பு, சோதனை, இயக்கம் ஆகியவற்றில் மாணவர்களே முதன்மைப் பங்கு வகிக்கும் செயற்கைக்கோளையே அவ்வாறு சொல்கிறோம். இந்தியாவில் இதற்கு வழி திறந்தது அண்ணா பல்கலைக்கழகத்தின் அனுசாட். சுமார் 40 கிலோ எடையுள்ள அது, இஸ்ரோவின் வழிகாட்டுதலில் உருவாகி, 2009 ஏப்ரல் 20 அன்று பிஎஸ்எல்வி-சி12 ராக்கெட்டில் ரிசாட்-2 செயற்கைக்கோளுடன் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்றது. அடுத்த ஆண்டே கர்நாடகத்தையும் ஹைதராபாத்தையும் சேர்ந்த ஏழு பொறியியல் கல்லூரிகளின் மாணவர்கள் ஒரு கிலோவுக்கும் குறைவான ஸ்டூட்சாட்டை அனுப்பினர். தமிழ்நாட்டிலிருந்து 2011இல் எஸ்ஆர்எம்சாட், 2016இல் ஒன்றரைக் கிலோ எடையுள்ள சத்யபாமாசாட், 2017இல் கன்னியாகுமரி மாவட்டத்து நூருல் இஸ்லாம் பல்கலைக்கழகத்தின் 15 கிலோ நியூசாட் எனத் தொடர்ந்து சென்றன.

கியூப்சாட் என்பது என்ன? அந்த அளவில்தான் செய்ய வேண்டுமா?

கலிபோர்னியாவைச் சேர்ந்த பேராசிரியர்களான ஜோர்டி புய்க்-சுவாரியும் பாப் ட்விக்ஸும் 1999இல் வகுத்த அளவுமுறைதான் கியூப்சாட். பக்கத்துக்கு 10 செ.மீ. கொண்ட கனசதுரம் ஓர் அலகு. இரண்டு, மூன்று அலகுகளை அடுக்கியும் செய்யலாம். இதன் பயன் சிறியதாக இருப்பதில் மட்டும் இல்லை. எல்லா கியூப்சாட்களும் ஒரே அளவிலான பெட்டியில் அடைக்கப்பட்டு, வில்விசையால் வெளியே தள்ளப்படுவதால், மாணவர்கள் செய்த பொருளில் ஏதேனும் கழன்றாலும் அது பெட்டிக்குள்ளேயே அடங்கிவிடும். பல நூறு கோடி ரூபாய் மதிப்புள்ள முதன்மைச் செயற்கைக்கோளுக்கு ஆபத்து வராது. ஏவும் நிறுவனங்கள் துணிந்து இடம் கொடுப்பதற்கு இந்த நம்பிக்கையே காரணம். முதன்முறையாகச் செய்யும் குழு இந்த அளவைக் கடைப்பிடிப்பதே நல்லது.

என்ன பணியைத் தேர்ந்தெடுப்பது?

ஒரே ஒரு பணியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அனுசாட், ஓரிடத்திலிருந்து செய்தியை வாங்கிச் சேமித்துப் பிறகு வேறோரிடத்துக்கு மேலே வரும்போது இறக்கிவைத்தது. புனே பொறியியல் கல்லூரி மாணவர்கள் 2016இல் அனுப்பிய ஸ்வயம், மின்சாரமே செலவிடாமல் காந்தங்களைக் கொண்டு பூமியின் காந்தப்புலத்தோடு தன்னை ஒருதிசைப்படுத்திக்கொள்ளும் முறையைச் சோதித்தது. மும்பை ஐஐடியின் பிரதம், வளிமண்டலத்தின் மேற்பகுதியில் மின்னூட்டத் துகள்கள் நிறைந்த அடுக்கான அயனமண்டலத்தில் உள்ள எலக்ட்ரான்களின் அளவை அறிய முயன்றது. இவை ஒவ்வொன்றையும் ஒரே வரியில் சொல்லிவிட முடிகிறது என்பதைக் கவனியுங்கள். கேமராவும் வேண்டும், கதிர்வீச்சு உணரியும் வேண்டும், தகவல் தொடர்புச் சோதனையும் வேண்டும் என்று தொடங்கும் குழு, மூன்றையும் இணைப்பதிலேயே காலத்தைச் செலவிட்டு, எதையும் முழுமையாகச் சோதிக்காமல் கொண்டுபோய்க் கொடுக்க நேரிடும்.

அவ்வளவு சிறிய பெட்டிக்கு மின்சாரம் எவ்வளவு கிடைக்கும்?

பூமிக்கு அருகில் ஒரு சதுர மீட்டரில் சுமார் 1,361 வாட் சூரிய ஒளி விழுகிறது. ஓரலகு கியூப்சாட்டின் ஒரு பக்கத்தில் 30 சதுர செ.மீ. அளவுள்ள இரண்டு சோலார் செல்கள் பொருந்தும். அவற்றின் திறன் 28 விழுக்காடு என்று கொண்டால், சூரியனை நேராகப் பார்க்கும்போது கிடைப்பது ஏறக்குறைய 2.3 வாட். 500 கி.மீ. உயரத்தில் ஒரு சுற்றுக்கு 94 நிமிடங்களுக்குச் சற்று அதிகமாக ஆகிறது. அதில் 35 நிமிடம் வரை பூமியின் நிழலில் கழியலாம். சுழற்சியையும் நிழலையும் கணக்கில் எடுத்தால், சுற்று முழுவதற்குமான சராசரி ஒன்றரை வாட் அளவில்தான் நிற்கும். ஒரு வாட் அலைபரப்பும் டிரான்ஸ்மிட்டர் பேட்டரியிலிருந்து அதைப் போல் இரண்டு மூன்று மடங்கு இழுக்கும் என்பதால், அதைத் தொடர்ந்து இயக்க முடியாது. எந்தக் கருவி எத்தனை நிமிடம் இயங்கும், எவ்வளவு இழுக்கும் என்ற மின்கணக்கை முதல் மாதத்திலேயே எழுதி, பாகம் மாறும்போதெல்லாம் திருத்தி வர வேண்டும்.

கீழே எவ்வளவு தகவலை அனுப்ப முடியும்?

ஒரு தரைநிலையத்துக்கு மேலே செயற்கைக்கோள் கடந்து செல்லும் நேரம், நல்ல கடப்பாக இருந்தால் பத்து நிமிடம் அளவில் இருக்கும். நொடிக்கு 9,600 பிட் வேகத்தில் பத்து நிமிடம் தடையின்றி இறக்கினாலும் 720 கிலோபைட்தான் வரும். 1,200 பிட் வேகத்தில் 90 கிலோபைட். கைபேசியில் எடுக்கும் ஒரு சாதாரணப் படத்துக்கே இது போதாது. செயற்கைக்கோள் நம்மை நோக்கி வரும்போதும் விலகிச் செல்லும்போதும் அலைவரிசையும் நகரும். 437 மெகாஹெர்ட்ஸ் அளவில் இந்த நகர்வு இரு பக்கமும் சுமார் 10 கிலோஹெர்ட்ஸ் இருக்கும் என்பதால், தரைநிலைய மென்பொருள் அதைத் தொடர்ந்து திருத்திக்கொண்டே வர வேண்டும்.

எத்தனை ஆண்டுகள் ஆகும்?

இரண்டு ஆண்டுகளில் முடிக்கலாம் என்று திட்டமிடும் குழுக்களே அதிகம். அப்படி முடித்த குழுக்கள் மிகக் குறைவு. பிரதம் 2007இல் தொடங்கி, 2016 செப்டம்பர் 26 அன்றுதான் பிஎஸ்எல்வி-சி35இல் ஏறியது. ஒன்பது ஆண்டுகள் என்றால் இரண்டு தலைமுறை இளங்கலை மாணவர்கள் சேர்ந்து, பட்டம் பெற்று வெளியேறிவிட்ட காலம். ஆகவே மாணவர் குழுவுக்கு எழுத்து வேலை கட்டாயம். ஒரு ரெசிஸ்டரின் மதிப்பை ஏன் மாற்றினோம், எந்தச் சோதனையில் எந்த மென்பொருள் பதிப்பு இருந்தது, எந்தத் திருகு கழற்றப்பட்டு மீண்டும் மாட்டப்பட்டது என்பதையெல்லாம் அன்றன்றே தேதியிட்டு எழுதி வைத்தால்தான், மூன்றாண்டு கழித்து வரும் இரண்டாமாண்டு மாணவி அதே கேள்வியை முதலிலிருந்து ஆராயாமல் இருப்பார். இறுதியாண்டு மாணவர்கள் பொறுப்பை ஒப்படைக்க ஒரு முழுப் பருவத்தையாவது ஒதுக்குவது நல்லது.

சாதாரணக் கடைகளில் கிடைக்கும் மின்னணுப் பாகங்கள் விண்வெளியில் தாங்குமா?

தாழ்ந்த சுற்றுப்பாதையில் ஓரிரு ஆண்டுகளுக்குப் பெரும்பாலும் தாங்கும். ஆனால் அங்குள்ள மின்னூட்டத் துகள்கள் நினைவகத்தில் ஒரு பிட்டைப் புரட்டிவிடவோ, சிப்பை அப்படியே உறைந்துபோகச் செய்யவோ முடியும். தென் அட்லாண்டிக்குக்கு மேலே கடக்கும்போது இந்த ஆபத்து அதிகம். அதனால் மென்பொருள் குறிப்பிட்ட நேரத்துக்குள் உயிர்க்குறி காட்டாவிட்டால் கணினியைத் தானாக மறுதொடக்கம் செய்யும் காவல் சுற்று கட்டாயம் இருக்க வேண்டும்.

அதிர்வுச் சோதனை எப்படி நடக்கிறது?

செயற்கைக்கோளை, அது பயணம் செய்யப்போகும் பெட்டியிலேயே வைத்து, அதிர்வு மேசையில் பூட்டி, மூன்று அச்சுகளிலும் தனித்தனியாகக் குலுக்குவார்கள். எவ்வளவு வலுவாக, எந்த அதிர்வெண்களில் குலுக்க வேண்டும் என்பதை ராக்கெட்டின் தரப்பு எழுதிக் கொடுக்கும். உண்மையான குலுக்கலுக்கு முன்பு, மிக மென்மையான அதிர்வைக் குறைந்த அதிர்வெண்ணிலிருந்து கூடுதல் வரை ஏற்றிச்சென்று, உடல் எந்த அதிர்வெண்ணில் ஒத்ததிர்கிறது என்று வரைபடம் எடுப்பார்கள். குலுக்கி முடித்த பிறகு அதே மென்மையான சோதனையை மறுபடி செய்து, இரண்டு வரைபடங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்பார்கள். உச்சங்கள் அதே இடத்தில் இருந்தால் நிம்மதி. ஓர் உச்சம் கீழ்நோக்கி நகர்ந்திருந்தால், உள்ளே எங்கோ ஏதோ தளர்ந்துவிட்டது என்று பொருள்.

தளர்வதற்கு இடம் நிறைய உண்டு. ஒவ்வொரு திருகையும் குறித்த முறுக்கு விசைக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கி, தலையில் ஒரு சொட்டு எபாக்சி பசை வைப்பது வழக்கம். பசை வைக்குமுன் திருகின் தலைக்கும் சட்டத்துக்கும் சேர்த்து ஒரு கோடு போட்டுவைத்தால், திருகு இம்மியளவு திரும்பியிருந்தாலும் கோடு முறிந்து காட்டிக்கொடுத்துவிடும். கம்பிக் கற்றைகளை ஆங்காங்கே கட்டி ஒட்ட வேண்டும். உயரமான கெப்பாசிட்டர்களின் அடியில் பசை நிரப்ப வேண்டும். கனெக்டர்கள் தாமாகக் கழலாதபடி பூட்ட வேண்டும்.

அசையும் பாகங்கள்தாம் இங்கே அதிகம் தடுமாறுகின்றன. எஸ்டோனியாவின் தார்து பல்கலைக்கழக மாணவர்கள் முன்னின்று செய்த எஸ்ட்கியூப்-1, 2013 மே மாதம் வேகா ராக்கெட்டில் சென்றது. மெல்லிய கம்பி ஒன்றைச் சுருளிலிருந்து விரித்து, சூரியனிலிருந்து வரும் மின்னூட்டத் துகள்களின் தள்ளுதலால் நகரும் மின்சாரப் பாய்மரம் என்ற கருத்தைச் சோதிப்பதே அதன் முதன்மைப் பணி. கம்பிச் சுருள் சுழலவே இல்லை. ஏவுதலின்போது ஏற்பட்ட அதிர்வு அதைப் பாதித்திருக்கலாம் என்று குழு கருதியது. மற்றபடி அந்தச் செயற்கைக்கோள் படங்கள் எடுத்து, ஈராண்டளவு நன்றாகவே இயங்கியது. முதன்மைப் பணி ஒரேயொரு சுருளை நம்பியிருக்கும்போது அந்தச் சுருளைக் குலுக்கிய பிறகும், குளிரவைத்த பிறகும், வெற்றிடத்திலும் மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்க்க வேண்டும்.

வெப்ப வெற்றிடச் சோதனையில் என்னென்ன வெளிப்படும்?

காற்றை வெளியேற்றிய உருக்கு அறைக்குள் செயற்கைக்கோளை இயங்கும் நிலையிலேயே வைத்து, பல முறை சூடாக்கிக் குளிரவைப்பதுதான் இச்சோதனை. அறையின் அழுத்தம், வளிமண்டல அழுத்தத்தில் பத்துக் கோடியில் ஒரு பங்கு என்ற அளவுக்குக் குறைக்கப்படும். காற்று இல்லை என்பதே இதில் பெரிய மாற்றம். ஆய்வக மேசையில் கை பொறுக்கும் சூட்டில் இருந்த ரேடியோவின் பெருக்கி, வெற்றிடத்தில் சூட்டைக் கடத்த வழியில்லாமல் கொதிக்கத் தொடங்கும். அதற்கும் சட்டத்துக்கும் இடையே செம்பாலோ அலுமினியத்தாலோ ஒரு வழி போட்டுத்தான் சூட்டை வெளியே இழுக்க முடியும்.

குளிர்ப் பக்கத்தில் முதலில் கவலை தருவது பேட்டரி. லித்தியம்-அயான் செல்லை 0 டிகிரி செல்சியசுக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து செல் கெட்டுப்போகும். நிழலிலிருந்து வெயிலுக்கு வரும் நேரத்தில் பேட்டரி மிகவும் குளிர்ந்திருக்கும். சோலார் பேனல் உடனே சார்ஜ் செய்யத் தொடங்கும். பேட்டரியைச் சுற்றி ஒரு சிறு ஹீட்டர் வைப்பதா, அதற்கு மின்கணக்கில் எங்கே இடம் காண்பது என்ற கேள்விக்கு இந்த அறையில்தான் உறுதியான விடை கிடைக்கும். குளிரில் நேரம் காட்டும் படிகத்தின் அதிர்வெண் நகர்ந்து, ரேடியோவின் அலைவரிசையும் நகர்வதை மாணவர்கள் கண்ணெதிரே காணலாம்.

பசை, பிளாஸ்டிக், கம்பி உறை ஆகியவற்றிலிருந்து வெற்றிடத்தில் ஆவி கிளம்பும். அது குளிர்ந்த இடத்தில், பெரும்பாலும் கேமரா லென்சில், போய்ப் படியும். ஆகவே பொருள்களைத் தேர்ந்தெடுக்கும்போதே எடையில் ஒரு விழுக்காட்டுக்கு மேல் இழக்காதவற்றை மட்டும் எடுத்துக்கொள்வது வழக்கம்.

இவற்றுள் எந்தச் சோதனை மிக முக்கியம்?

மேலே சொன்ன இரண்டும் இல்லாமல் ராக்கெட்டில் இடம் கிடைக்காது. ஆகவே எல்லாக் குழுக்களும் எப்படியாவது செய்துவிடுகின்றன. யாரும் கட்டாயப்படுத்தாத காரணத்தால் விடுபட்டுப்போவது வேறொன்று. முழுதாகப் பூட்டி முடித்த செயற்கைக்கோளை, வெளிமின்சாரம் எதுவும் கொடுக்காமல், அதன் சொந்தப் பேட்டரியிலும் சோலார் பேனலிலும் மட்டும், வானொலி வழியாகவே கட்டளை கொடுத்து, சுற்றுப்பாதையில் எப்படி வாழுமோ அப்படியே நாட்கணக்கில் வாழவைத்துப் பார்ப்பதுதான் அந்தச் சோதனை. என் கருத்தில் மற்ற எல்லாவற்றையும்விட இதற்கே அதிக நாட்களை ஒதுக்க வேண்டும்.

செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஸ்வார்ட்வௌட் பல ஆண்டுகளாக கியூப்சாட்களின் வெற்றி தோல்விகளைத் தொகுத்துவருகிறார். முதன்முறை முயலும் பல்கலைக்கழகங்களின் செயற்கைக்கோள்களில் ஏறக்குறைய பாதி தோல்வியில் முடிந்தன என்பதும், அவற்றில் பலவற்றிடமிருந்து ஒரு சமிக்ஞைகூட வரவில்லை என்பதும், முழு அமைப்பாக இயக்கிப் பார்க்கப் போதிய காலம் ஒதுக்காததே பெரும் காரணம் என்பதும் அவருடைய முடிவுகள்.

இந்தச் சோதனை பெட்டியிலிருந்து வெளிவரும் கணத்திலிருந்து தொடங்க வேண்டும். பெட்டிக்குள் இருக்கும்வரை மூலையிலுள்ள சுவிட்சுகள் அழுந்தியிருப்பதால் எல்லாம் அணைந்திருக்கும். வெளியே வந்ததும் சுவிட்ச் விடுபட்டு, கணினி விழித்து, குறைந்தது 30 நிமிடம் அமைதியாகக் காத்திருந்து, பிறகு ஆன்டெனாவை விரிக்க வேண்டும். ஆன்டெனா பெரும்பாலும் அளவுநாடா போன்ற எஃகுப் பட்டையால் ஆனது. அதை மடக்கி, மீன் பிடிக்கப் பயன்படும் நைலான் நரம்பால் கட்டியிருப்பார்கள். கட்டைத் தொட்டபடி ஒரு மெல்லிய நிக்ரோம் கம்பி இருக்கும். அதில் சில நொடிகள் மின்சாரம் பாய்ந்தால் நரம்பு உருகி அறுந்து, பட்டை தெறித்து நிமிரும். பேட்டரி பாதி தீர்ந்திருக்கும்போது அந்தக் கம்பி போதிய அளவு சூடாகிறதா? குளிரில் அறுகிறதா? முதல் முயற்சியில் அறாவிட்டால் மென்பொருள் மறுபடி முயல்கிறதா, அல்லது ஒருமுறை முயன்றதையே வெற்றி எனக் குறித்துக்கொண்டு நின்றுவிடுகிறதா? ஆன்டெனா விரியாத செயற்கைக்கோளிடம் வேறு எதைக் கேட்கவும் வழியில்லை என்பதால், இக்கேள்விகளுக்கு ஐயமற்ற விடை கிடைக்கும்வரை நரம்பு கட்டி அறுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அதோடு, பேட்டரியை முற்றிலும் தீரவிட்டு, பிறகு பேனலில் ஒளி காட்டினால் தானாக உயிர்பெறுகிறதா என்றும் பாருங்கள். பலர் இதைச் செய்யத் தயங்குகிறார்கள். சுற்றுப்பாதையில் அது நடந்தே தீரும் என்று எண்ணிக்கொள்வதே பாதுகாப்பு.

மேலே போன பிறகு கோளாறு வந்தால் எதுவும் செய்ய முடியாதா?

கட்டளை கேட்கும் நிலையில் இருந்தால் செய்யலாம், பொறுமையும் வேண்டும். சுவிட்சர்லாந்தின் லோசான் நகர மாணவர்கள் செய்த சுவிஸ்கியூப், 2009 செப்டம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி14இல் சென்றது. சமிக்ஞை நன்றாக வந்தது. ஆனால் மிக வேகமாகச் சுழன்றதால் படம் எடுக்க முடியவில்லை. சுழற்சி தானாகத் தணியும்வரை குழு ஓராண்டுக்கு மேல் காத்திருந்து, பிறகு செயற்கைக்கோளை மறுதொடக்கம் செய்து, 2011இல் படம் எடுத்தது. அந்த மறுதொடக்கக் கட்டளையை முன்கூட்டியே சிந்தித்து வைத்திருந்தவர்களுக்கு உரிய பலன் அது.

அனுமதிகள் யாரிடம் பெற வேண்டும்?

இந்தியாவில் விண்வெளிச் செயல்பாட்டுக்கு 2020இல் அறிவிக்கப்பட்ட இன்-ஸ்பேஸ் அமைப்பின் ஒப்புதல் தேவை. அலைவரிசைக்குத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவையும், பொழுதுபோக்கு வானொலியாளர்களுக்கான அமெச்சூர் அலைவரிசை என்றால் பன்னாட்டு அமெச்சூர் வானொலி ஒன்றியத்தின் ஒருங்கிணைப்பையும் நாட வேண்டும். காகித வேலைக்குக் காலம் பிடிக்கும் என்பதால் வடிவமைப்பு முடிவதற்குக் காத்திராமல் தொடங்கிவிடுங்கள். குழுவில் சிலராவது அமெச்சூர் வானொலி உரிமம் எடுத்துவிட வேண்டும்.

ராக்கெட்டே தோற்றுவிட்டால்?

தோற்கலாம். சென்னையைச் சேர்ந்த ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா, நாடெங்கும் உள்ள அரசுப் பள்ளி மாணவிகள் 750 பேர் செய்த 75 சிறு கருவிகளைச் சேர்த்து ஆசாதிசாட்டை உருவாக்கியது. 2022 ஆகஸ்ட் 7 அன்று இஸ்ரோவின் சிறிய ராக்கெட்டான எஸ்எஸ்எல்வியின் முதல் பயணத்தில் அது சென்றது. இரண்டாம் கட்டம் பிரிந்தபோது எழுந்த அதிர்வால் முடுக்கமானிகள் சிறிது நேரம் அளவு மீறிக் காட்ட, ராக்கெட்டின் கணினி அவை பழுதாகிவிட்டதாக முடிவெடுத்தது. விளைவாக, 356 கி.மீ. வட்டப்பாதைக்குப் பதில் 356-க்கு 76 கி.மீ. நீள்வட்டத்தில் விடப்பட்டு, செயற்கைக்கோள் நிலைக்கவில்லை. ஆசாதிசாட்-2 ஆறே மாதத்தில், 2023 பிப்ரவரி 10 அன்று, எஸ்எஸ்எல்வியின் இரண்டாம் பயணத்தில் 450 கி.மீ. சுற்றுப்பாதையை அடைந்தது. வடிவமைப்புக் கோப்புகளும் சோதனைக் குறிப்புகளும் மேசையில் இயங்கும் இன்னொரு மாதிரியும் கைவசம் இருக்கும் குழு, இப்படி விரைவில் எழுந்துவிடலாம்.

தனிச் செயற்கைக்கோள் செய்யாமலேயே விண்வெளியில் சோதனை செய்ய வழி உண்டா?

உண்டு. பிஎஸ்எல்வியின் நான்காம் கட்டம், தன் வேலை முடிந்த பிறகும் சுற்றுப்பாதையிலேயே இருக்கும். அதற்கு மின்சாரமும் திசைக் கட்டுப்பாடும் கொடுத்து ஆய்வு மேடையாக்கியதே போயம். 2024 ஜனவரி 1 அன்று சென்ற பிஎஸ்எல்வி-சி58இன் போயம் மேடையில், திருவனந்தபுரத்தில் உள்ள மகளிர் பொறியியல் கல்லூரி மாணவிகளின் புறஊதாக் கதிர் அளக்கும் கருவியான விசாட் இடம்பெற்றது. அறிவியல் கருவியில் மட்டுமே ஆர்வம் உள்ள குழுவுக்கு, பேட்டரி, ஆன்டெனா கவலைகள் குறைந்த இந்த வழியே பொருத்தமானது.

பணி முடிந்த பிறகு அது குப்பையாக மிதக்காதா?

உயரத்தைப் பொறுத்தது. 400 கி.மீ. அளவில் மீந்திருக்கும் மெல்லிய காற்றே ஓரிரு ஆண்டுகளில் இழுத்து எரித்துவிடும். எஸ்ஆர்எம்சாட் விடப்பட்ட 860 கி.மீ.க்கு மேற்பட்ட உயரத்தில் அந்த இழுவை மிகக் குறைவு. பல பத்தாண்டுகள் சுற்ற வேண்டியதுதான். எரிபொருள் இல்லாத மாணவர் செயற்கைக்கோளுக்குத் தாழ்ந்த பாதையைக் கேட்டுப் பெறுவதே பொறுப்பான செயல்.

பள்ளி மாணவர்கள் எங்கிருந்து தொடங்கலாம்?

கேட்பதிலிருந்து தொடங்கலாம். கணினியில் செருகும் விலை குறைந்த மென்பொருள் வானொலிக் கருவியும், அலுமினியக் குழாயில் செய்த ஒரு யாகி ஆன்டெனாவும் இருந்தால் போதும். சர்வதேச விண்வெளி நிலையம் சில நாட்களில் 145.800 மெகாஹெர்ட்ஸில் அனுப்பும் படங்களை மொட்டை மாடியிலிருந்தே பெறலாம். சாட்நோக்ஸ் என்ற திறந்தமூலத் தரைநிலைய வலையமைப்பில் சேர்ந்தால், பிற நாட்டு மாணவர்களின் செயற்கைக்கோள்களுக்கு உங்கள் மாடி ஒரு காதாக உதவும். அடுத்த படி, குளிர்பானக் கேன் அளவில் செய்து, சிறிய ராக்கெட்டிலோ பலூனிலோ ஏற்றிப் பாராசூட்டில் இறக்கும் கேன்சாட். அதிலும் உணரி, பேட்டரி, ரேடியோ, தரைநிலையம் ஆகிய நான்கும் உண்டு. எனவே அதையும் முழுதாகப் பூட்டி, கயிற்றில் கட்டிக் குலுக்கி, ஓர் இரவு முழுவதும் சொந்தப் பேட்டரியில் ஓடவிட்ட பிறகே களத்துக்கு எடுத்துச் செல்லுங்கள்.